மறையெழுத்தும் மெய்ம்மயக்கமும்

"இலக்கணம் படித்து என்ன ஐயா பயன்?" என்னும் வினாவை ஆண்டுக்கு ஒரு முறையேனும் எதிர்கொள்ளாத தமிழாசிரியர் இருக்க முடியாது. குறிப்பாக எழுத்ததிகாரம் நடத்தும் நாள்களில் இவ்வினா தவறாமல் எழும். ககர மெய்யின் முன் ககரமே வரும். ரகரமும் ழகரமும் தம்மொடு தாம் மயங்கா. இன்னின்ன எழுத்துகள் மொழிக்கு முதலாகா. இன்னின்ன எழுத்துகள் மொழிக்கு ஈறாகா என்று கரும்பலகையில் எழுதிச் செல்லும்போது, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவன் ஒருவன் எழுந்து பணிவாகவே கேட்பான். தேர்வுக்கு உதவும் என்பதைத் தவிர வேறு பயன் உண்டா என்பதே அவன் கேட்க விரும்புவது. மொழியின் கட்டமைப்பை அறிதலே பெரும்பயன் என்று விடை கூறுவது ஆசிரியர் மரபு. அவ்விடை உண்மையே. எனினும் அதே நூற்பாக்களைக் கொண்டு ஒரு குடும்பத்தின் மனச்சுமையை இறக்கி வைக்க முடிந்தது என்பதை நான் நேரிற் கண்டவன். அதனை நம் மாணவர்களுக்கும் பெரியோர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறைத்து எழுதும் மரபு

செய்தியைப் பிறர் அறியாவண்ணம் கூறுதல் மனித இனத்தின் பழைய வழக்கம். நம் இலக்கணிகள் இதனை நன்கு அறிந்திருந்தனர். நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் குழூஉக்குறிக்கு உரையாசிரியர்கள் காட்டும் சான்றுகள். தண்டியலங்காரம் கூறும் மிறைக்கவிகளுள் 'கரந்துறைச் செய்யுள்' ஒன்று. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள்ளே மற்றொரு செய்யுளை ஒளித்து வைப்பது அது. அந்நூலுக்கு முதனூலாகிய காவியாதர்சத்தை இயற்றிய தண்டி, பல்லவர் காலக் காஞ்சியோடு தொடர்புடையவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. வடமொழிக் காமசூத்திரமும் மறைமொழி அறிதலை அறுபத்துநான்கு கலைகளுள் ஒன்றாக எண்ணுகிறது.

சொல்லுக்குச் சொல் மாற்றுவது குழூஉக்குறி. எழுத்துக்கு எழுத்து மாற்றுவது வேறொரு முறை. 'க' வரவேண்டிய இடமெல்லாம் வேறோர் எழுத்தையும், 'த' வரவேண்டிய இடமெல்லாம் மற்றோர் எழுத்தையும் இட்டு எழுதுவது. இதனை மாற்றெழுத்து எனலாம். எந்த எழுத்துக்கு எது என்னும் திறவுகோல் உடையவரே படிக்க இயலும். நீண்ட காலம் இது உடைக்க முடியாத பூட்டு என்றே உலகம் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையைத் தகர்த்தவர்கள் அரபு மொழியின் இலக்கணிகளும் தத்துவ அறிஞர்களும் ஆவர்.

பக்தாதில் பிறந்த கலை

கி.பி. 8ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவர். 'கிதாபுல் ஐன்' என்னும் முதல் அகராதியைத் தொடங்கியவர். எந்தெந்த எழுத்துகள் கூடிச் சொல்லாகும், எவை கூடா என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தவரும் அவரே. பைசாந்தியத்திலிருந்து வந்த மறையெழுத்து மடல் ஒன்றை, "இறைவன் பெயரால்" என்பது போன்ற தொடரோடுதான் மடல் தொடங்கியிருக்கும் என்னும் ஊகத்தைப் பற்றிக்கொண்டு அவர் விடுவித்தார் என்றொரு செய்தி வழங்குகிறது. யாப்பறிந்தவர், அகராதி கண்டவர், மறையெழுத்தை விடுவித்தவர் ஆகிய மூவரும் ஒருவரே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அவருக்கு அடுத்த நூற்றாண்டில், பக்தாதின் 'பைத்துல் ஹிக்மா' என்னும் அறிவு மன்றத்தோடு தொடர்புடையவராக விளங்கிய அல்கிந்தீ, மறையெழுத்தை விடுவிப்பது பற்றித் தனி நூலே எழுதினார். இசுதான்புல் நகரின் சுலைமானிய்யா நூலகத்தில் ஏட்டுப் படியாகக் கிடந்த அந்நூல் 1987இல் டமாஸ்கஸில் பதிப்பிக்கப்பெற்றது. இக்கலை பற்றி இன்று கிடைக்கும் நூல்களுள் அதுவே மிகப் பழையது.

அல்கிந்தீ காட்டிய வழி எளிது. மறையெழுத்து எந்த மொழியில் எழுதப்பட்டதோ, அம்மொழியின் இயல்பான உரைநடை ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். பின்னர் மறையெழுத்திலும் அவ்வாறே எண்ண வேண்டும். அங்கே மிகுதியாக வருவது எதுவோ, அதுவே இங்கே மிகுதியாக வருவதற்கு ஈடாகலாம். அரபு மொழியில் அலிஃபும் லாமும் மிகுதி என்பதை அவர் எண்ணியே காட்டினார்.

ஆயினும் தனியெழுத்து எண்ணிக்கை மட்டும் போதாது. இரண்டு எழுத்துகள் ஏறத்தாழ ஒரே அளவில் வருமாயின் எது எதுவென்று எவ்வாறு துணிவது? இங்கேதான் எழுத்து இணைகள் துணைக்கு வருகின்றன. எந்த எழுத்தை அடுத்து எந்த எழுத்து அடிக்கடி வருகிறது, எது ஒருபோதும் வருவதில்லை என்று பார்ப்பது இம்முறை. அரபில் சொல்லின் தொடக்கத்தில் அலிஃபும் லாமும் இணைந்து வருவது கண்கூடு. ஆங்கிலத்தில் 'க்யூ' என்னும் எழுத்தை அடுத்துப் பெரும்பாலும் 'யூ' என்னும் எழுத்தே வரும். கூடும் எழுத்துகள், கூடா எழுத்துகள் ஆகியவற்றையும் அல்கிந்தீ தம் நூலில் ஆராய்ந்துள்ளார். அவருக்குப் பின் வந்த இப்னு அத்லான் என்பார், விடுவிக்க எடுத்துக்கொள்ளும் மறையெழுத்து ஏறத்தாழ 90 எழுத்துகளாவது இருக்க வேண்டும் என்று அளவும் கூறினார். மிகச் சிறிய செய்தியில் எண்ணிக்கை ஏமாற்றிவிடும் என்பதே காரணம். எகிப்தின் கல்கஷந்தீ, 1412இல் நிறைவுற்ற தம் கலைக்களஞ்சியத்தில் இக்கலைக்கும் இடமளித்தார்.

ஐரோப்பாவிலும் பின்னாளில் இக்கலை வளர்ந்தது. ஸ்காட்லாந்து அரசி மேரி சிறையிலிருந்து எழுதிய மறையெழுத்து மடல்களை இங்கிலாந்து அரசின் எழுத்தறிஞர் விடுவித்தமையால், 1587 பிப்ரவரியில் அவ்வரசி தலை வெட்டப்பட்டு மாண்டாள். எழுத்தை எண்ணுவது விளையாட்டன்று என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதும்.

தமிழில் முன்பே கிடைத்த அட்டவணை

எந்த எழுத்தை அடுத்து எந்த எழுத்து வரும் என்னும் அட்டவணையை அரபு அறிஞர்கள் எண்ணிக் கண்டனர். தமிழருக்கோ அவ்வட்டவணை இலக்கண வடிவில் தொன்றுதொட்டே கையில் இருந்தது. அதற்கு மெய்ம்மயக்கம் என்று பெயர். தொல்காப்பியம் நூன்மரபில் இதனைப் பேசுகிறது. நன்னூல் மேலும் தெளிவாக வகுத்துத் தருகிறது.

ஒரு மெய்யின் முன் அதே மெய் வருவது உடனிலை மெய்ம்மயக்கம். வேறு மெய் வருவது வேற்றுநிலை மெய்ம்மயக்கம். பதினெட்டு மெய்களுள் ர, ழ ஆகிய இரண்டும் உடனிலையில் வாரா. க, ச, த, ப ஆகிய நான்கும் வேற்றுநிலையில் வாரா. தம்மொடு தாமே மயங்கும். வேற்றுநிலையில் ஙகரத்தின் முன் ககரம் மட்டுமே வரும். ஞகரமும் நகரமும் அன்றாட வழக்கில் தம் இனமாகிய சகரத்தையும் தகரத்தையுமே ஏற்கும். மகரத்தை அடுத்து வரக்கூடிய வல்லினம் பகரம் ஒன்றே. இவை போக, ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் மொழிக்கு முதலாகா. வல்லின மெய் ஆறும் மொழிக்கு ஈறாகா.

மாணவன் மனப்பாடம் செய்து மறந்துவிடும் இச்செய்திகள், மாற்றெழுத்தை உடைக்கப் புகுபவனுக்குப் பெருஞ்செல்வம். இதனை நான் அறிய நேர்ந்தது எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்த ஒரு பழைய கணக்கேட்டினால்.

பாட்டனாரின் குறிப்பேடு

என் பாட்டனார் காஞ்சிபுரத்தில் பட்டு நூல் வாணிகம் செய்தவர். பெங்களூர்ப் பக்கமிருந்து கச்சாப்பட்டு வாங்கி வந்து, பிள்ளையார்பாளையத்திலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் தறி வைத்திருந்தவர்களுக்குக் கொடுப்பார். சேலை விற்றபின் பணம் வரும். அக்காலத்தில் எழுத்துவழி உடன்படிக்கை மிகக் குறைவு, வாய்ச்சொல்லே பத்திரம். அவர் 1986இல் காலமானார். அவருடைய வாணிகக் கணக்குப் பேரேடுகள் தெளிவாகத் தமிழில் எழுதப்பட்டவை. அவற்றோடு கிடைத்த சிறிய குறிப்பேடு ஒன்று மட்டும் எவராலும் படிக்க முடியாததாய் இருந்தது.

தமிழ் எழுத்துகளே, ஆனால் தமிழ் அன்று. தொகைகள் மட்டும் எண்களில் வெளிப்படையாக இருந்தன. 1958 முதல் 1971 வரை ஆண்டுகளும் இருந்தன. யார், எவரிடம், கொடுத்ததா வாங்கியதா என்பது மட்டும் மறைந்திருந்தது.

எங்கள் வீட்டில் கடிதப் போக்குவரத்துக்கு அரபுத்தமிழ் பயன்பட்ட காலம் அது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அம்முறையைப் பாட்டனார் நன்கறிவார். பிற சமயத்தாரிடமிருந்து மட்டும் மறைப்பது அவர் கருத்தாயின் அரபுத்தமிழே போதுமானது. ஆனால் மதரஸாவில் ஓதிய எவரும் அதைப் படித்துவிடுவர். ஆகவே அவர் தம் சொந்த வீட்டாரிடமிருந்தும் எதையோ மறைக்க எண்ணினார் என்பது தெளிவு. இதுவே என் தந்தையாரின் கவலையை மிகுவித்தது.

இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தைப் பங்கிடுவதற்கு முன் அவர் பட்ட கடனை அடைத்தாக வேண்டும் என்பது இஸ்லாமிய நெறி. என் தந்தையாரும் உடன்பிறந்தாரும் தாங்கள் அறிந்த கடன்களை அடைத்துவிட்டே பங்கு பிரித்துக்கொண்டனர். அறியாத கடன் ஒன்று அந்தக் குறிப்பேட்டுக்குள் இருந்தால்? "நம்ம சாப்பிடுற சோத்துல யாரோட காசு கிடக்குதோ?" என்று அத்தா ரமளான் மாதந்தோறும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். உறவினருள் ஒருவர் அதனை இஸ்மு எழுதிய ஏடு என்றும், கைவைக்கலாகாது என்றும் கூறினார். மற்றொருவர் எரித்துவிட்டால் கவலை ஒழியும் என்றார். இன்னொருவரோ, தொகைகளையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, இவை நமக்கு வரவேண்டிய பணம் என்றே உறுதியாக நம்பினார். எண்கள் தெரிந்தும் திசை தெரியாமையால் எழுந்த வேறுபாடு இது.

இணைகளை எண்ணிய மாலைகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் அக்குறிப்பேட்டை என் மேசைக்குக் கொண்டுவந்தேன். முதற்பக்கத்தைப் பார்த்த அளவிலேயே சில செய்திகள் புலப்பட்டன. 'னொவுர்ரரு' என்றொரு சொல் பக்கந்தோறும் வந்தது. ரகரம் தன்னோடு தான் மயங்காது என்று கூறும் நூற்பாவை அறிந்தவர்க்கு 'ர்ர' என்பது கண்ணில் குத்தும். சொற்கள் ர, ன, ள, ட ஆகியவற்றில் தொடங்கின. ப், க், ச் ஆகியவற்றில் முடிந்தன. அன்றாடத் தமிழில் புள்ளி பெற்றே வரும் ஙகரம், இங்கே 'ஙி' என்றும் 'ஙு' என்றும் உயிரேறி நின்றது. உயிரெழுத்துகள் மட்டும் இயல்பாகச் சொல்லின் முதலில் நின்றன. ஆகவே உயிரும் உயிர்க்குறிகளும் மாற்றப்படவில்லை, மெய்கள் மட்டுமே ஒன்றுக்கொன்று மாற்றப்பட்டுள்ளன என்று துணிந்தேன்.

வரைதாள் ஒன்றில் பதினெட்டுக்குப் பதினெட்டாக 324 கட்டங்கள் வரைந்தேன். பள்ளியிற் படிக்கும் என் மகள் குறிப்பேட்டைப் பார்த்து, புள்ளி வைத்த எழுத்தையும் அதை அடுத்த எழுத்தையும் இணையிணையாகச் சொல்லச் சொல்ல, உரிய கட்டத்தில் கோடு இட்டுக்கொண்டே வந்தேன். ஆறு பக்கங்கள் முடிவதற்குள் மறைந்திருந்த மொழி தன் முகத்தைக் காட்டத் தொடங்கிவிட்டது.

முதலில், தம்மொடு மட்டுமே மயங்கும் குறிகள் எவை என்று பார்த்தேன். ர், ன், ள், ம் ஆகிய நான்கே அவ்வாறு வந்தன. 'வ்வ' என்பதும் மிகுதிதான்; ஆயினும் 'ஆவ்னச்' என்னும் ஒரு சொல்லில் 'வ்ன' வந்து அதனை விலக்கிவிட்டது. ஆகவே அந்நான்கும் க, ச, த, ப ஆகியவற்றையே குறிக்க வேண்டும். சொல்லின் ஈற்றில் இந்நான்கனுள் ஒன்றேனும் வரவில்லை என்பது இம்முடிவை உறுதி செய்தது. ஆனால் எது எதைக் குறிப்பது?

இரண்டாவதாக, வல்லினத்துள் ஒன்றை மட்டுமே தன்பின் ஏற்கும் மெல்லினம் எது என்று தேடினேன். 'ய்ர', 'ற்ன', 'ழ்ள', 'ப்ம' என நான்கு இணைகள் அகப்பட்டன. இவை ங்க, ஞ்ச, ந்த, ம்ப ஆகியவையாகவே இருக்க வேண்டும். இவற்றுள் 'ப்' மட்டும் சொல்லின் ஈற்றிலும் அடிக்கடி வந்தது. மொழிக்கு ஈறாய் மிகுதியாக வரும் மெல்லினம் மகரம். எனவே 'ப்' என்பது 'ம்'. அதனைத் தொடரும் 'ம' என்பது 'ப'. எஞ்சிய மூன்றனுள் 'ய' மட்டும் சொல்லின் முதலில் பல இடங்களில் நின்றது. 'யூண்' என்பது அத்தகைய சொல். ஙகரம் நடைமுறையில் மொழிக்கு முதலாவதில்லை. ஞகரம் மிக அரிது. எனவே 'ய' என்பது 'ந'. அதனைத் தொடரும் 'ர' என்பது 'த'. மீதமிருந்த 'ற்ன', 'ழ்ள' ஆகிய இரண்டனுள் முன்னது பன்மடங்கு மிகுதி. 'பாரற்னச்' என்பதில் வருவது போலச் சொல்லீற்றில் 'ற்னச்' என்று மீண்டும் மீண்டும் வந்தது. அது 'ங்கள்' என்னும் ஈறன்றி வேறன்று.

இவ்வளவில் கைக்கு வந்த எழுத்துகளை நெடுங்கணக்கு முறையில் வரிசையாக எழுதினேன். க என்பதற்கு ன; ங என்பதற்கு ற; ச என்பதற்கு ள; ஞ என்பதற்கு ழ. மேலே நெடுங்கணக்கு இடமிருந்து வலமாகச் செல்ல, கீழே அதே நெடுங்கணக்கு வலமிருந்து இடமாக வந்துகொண்டிருந்தது! முதல் மெய்க்குக் கடைசி மெய், இரண்டாம் மெய்க்குக் கடைசிக்கு முந்திய மெய் என்று பாட்டனார் திருப்பி வைத்திருக்கிறார். அதற்குமேல் எண்ண வேண்டிய தேவையே இல்லை. 'னொவுர்ரரு' என்பது 'கொடுத்தது'. 'யூண்' என்பது 'நூல்'. 'பாரற்னச்' என்பது 'மாதங்கள்'. 'ஆவ்னச்' என்பது 'ஆட்கள்'. ரகரம் இரட்டித்துக் கண்ணில் குத்திய இடமெல்லாம் தகரம் இயல்பாக இரட்டித்த இடங்களே.

குறிப்பேடு கூறிய செய்தி

அன்றிரவே முதற்பகுதியைப் படித்து முடித்தேன். தறி ஓடாத மாதங்களில் நெசவாளர் குடும்பங்களுக்குப் பாட்டனார் கைமாற்றாகக் கொடுத்த தொகைகள் அவை. மருந்துக்கு, பிள்ளைப்பேற்றுக்கு, பள்ளிச் சம்பளத்துக்கு என்று காரணமும் எழுதியிருந்தார். வட்டி என்னும் சொல் எங்குமே இல்லை. பலவற்றின் எதிரில் 'ரீத்ய்ரரு', அதாவது 'தீர்ந்தது' என்றிருந்தது. சிலவற்றின் எதிரில் 'டிவ்வரு', அதாவது 'விட்டது' என்றிருந்தது. சிலவற்றின் எதிரில் ஒன்றுமே இல்லை.

ஏன் மறையெழுத்தில் எழுதினார் என்பது அப்போதுதான் விளங்கிற்று. வாங்கியவர்கள் மானமுள்ளவர்கள். ஒரே தெருவில் வாழ்பவர்கள். கடையில் அமரும் பிள்ளைகளோ கணக்கெழுத வருபவர்களோ பார்த்துவிட்டால், இன்னார் இன்னதற்குக் கைநீட்டினார் என்னும் செய்தி மாலைக்குள் ஊரெங்கும் பரவும். பிறர் மானத்தைக் காக்கவே அவர் இந்தப் பூட்டைப் பூட்டினார். அதனாலேயே இக்கட்டுரையிலும் ஒரு பெயரைக்கூட நான் குறிப்பிடவில்லை.

குறிப்பேட்டின் கடைசிப் பகுதி வேறு வகையினது. அங்கே தலைப்பு 'அபாகர்ரு' என்றிருந்தது: 'அமானத்து'. நம்பி ஒப்படைத்த பொருள். வங்கிக்குச் செல்லும் பழக்கம் இல்லாத பெண்கள், மகள் திருமணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்ததை அவரிடம் கொடுத்து வைத்திருக்கின்றனர். ஏறத்தாழ எல்லாவற்றின் எதிரிலும் 'ரீத்ய்ரரு' என்று இருந்தது. இரண்டின் எதிரில் மட்டும் இல்லை. ஒன்று 1969இல் வைத்த 350 ரூபாய். மற்றொன்று அதனினும் சிறு தொகை.

அத்தாவிடம் படித்துக் காட்டினேன். அவர்கள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டுதானே? கெடச்சிடும். தேடுவோம்" என்றார்கள்.

முதல் அமானத்தின் உரியவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய பேரன் இன்னும் அதே பகுதியில் தறி வைத்திருக்கிறார். எவ்வளவு கொடுப்பது என்பதில் ஐயம் எழுந்தது. மார்க்கம் அறிந்த பெரியோர்களைக் கேட்டோம். கடமை 350 ரூபாயே என்றும், அதற்குமேல் மனமுவந்து கொடுப்பது நன்றியின்பாற்படும் என்றும் விளக்கினர். "அந்தக் காலத்துல அந்தப் பணத்துக்கு ஒரு கல்யாணப் பொடவை வாங்கலாம். இன்னிக்கு ஒரு கல்யாணப் பொடவைக்கு என்ன ஆகுதோ அதைக் கொடுத்துடுவோம்" என்று அத்தா முடிவு செய்தார்கள். அவ்வாறே கொடுத்தோம். பணத்தைப் பெற்றுக்கொண்ட அவர், "எங்க ஆயா சாகறவரைக்கும் சொல்லுவாங்க, பாய்கிட்ட வெச்ச காசு எங்கயும் போகாதுன்னு" என்றார். இரண்டாவதற்கு உரியவரை எவ்வளவு தேடியும் வழித்தோன்றல் எவரும் அகப்படவில்லை. பெரியோர் கூறியவாறு, உரியவர் பெயரால் அத்தொகை ஏழைகளுக்குத் தருமமாக்கப்பட்டது.

எதிரில் ஒன்றும் எழுதப்படாத கைமாற்றுகள் பற்றியும் பேச்சு எழுந்தது. சட்டப்படி காலங்கடந்தவையாயினும், பெயர்கள் தெரிந்துவிட்டமையால் கேட்டுப் பார்க்கலாம் என்று உறவினர் ஒருவர் கருதினார். அத்தா பேனாவைக் கேட்டார்கள். "'விட்டது'ங்கிறத அந்த எழுத்துல எப்படி எழுதறது?" என்று என்னிடம் வினவினார்கள். எழுதிக் காட்டினேன். நடுங்கும் கையால், வெற்றாய் இருந்த ஒவ்வொரு வரியின் எதிரிலும் 'டிவ்வரு' என்று எழுதி முடித்தார்கள்.

கல்லும் இணையும்

எழுத்து இணைகளின் வலிமை வீட்டுக் கணக்கேட்டோடு நின்றுவிடுவதன்று. காஞ்சிக்கு அருகிலுள்ள மாமண்டூர்க் குன்றிலும், மதுரையைச் சுற்றிய குகைகளிலும் உள்ள பழங்கல்வெட்டுகள் ஒரு காலத்தில் எம்மொழியின என்றே விளங்காதிருந்தன. 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், ழ, ள, ற, ன ஆகிய தமிழ்ச் சிறப்பெழுத்துகளை அவ்வகைக் குகைக் கல்வெட்டுகளில் அடையாளங் கண்டு, அவை தமிழே என்று நிறுவ வழிவகுத்தார். எழுத்தின் வடிவை மட்டுமன்றி, அது சொல்லில் நிற்கும் இடத்தையும் நோக்கியதால் கிட்டிய வெற்றி அது.

ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளுக்கெனத் தொகுத்த அடைவு 1977இல் வெளிவந்தது. 417 குறிகளை வகைப்படுத்தி, எந்தக் குறி எத்தனை முறை, எவ்விடத்தில், எதனோடு இணைந்து வருகிறது என்று கணிப்பொறியின் துணையுடன் அவர் எண்ணிக் காட்டினார். 2009இல் அவரும் சென்னை, மும்பை முதலிய இடங்களின் அறிவியலாளரும் சேர்ந்து, அக்குறிகளின் இணைகள் மொழியின் ஒழுங்கை ஒத்துள்ளன என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டனர். அதனை மறுப்போரும் உளர். முத்திரை ஒன்றுக்குச் சராசரியாக ஐந்து குறிகளே உள்ளமையாலும், இருமொழிக் கல்வெட்டு எதுவும் கிடைக்காமையாலும் அப்பூட்டு இன்னும் திறக்கவில்லை. மகாதேவன் 2018இல் மறைந்தார். அவர் தொகுத்த அடைவு அடுத்து வருவோருக்குக் காத்திருக்கிறது.

மாணவர்க்கும் பெரியோர்க்கும்

இன்று கைப்பேசியும் வங்கியும் பயன்படுத்தும் மறைமுறைகள் மாற்றெழுத்தைப் போல் எளியன அல்ல. எழுத்து இணைகளின் தடமே தெரியாதவாறு கலைத்துவிடுவதே அவற்றின் முதல் வேலை. இணைகள் உண்மையைக் காட்டிக்கொடுக்கும் என்பதை உலகம் அறிந்தமையால்தான் அவை அவ்வாறு அமைந்தன. அவ்வறிவின் வேர் பக்தாதில் இருந்தது. அதே அறிவின் தமிழ் வடிவம் நம் பாடத்திட்டத்தில் இருக்கிறது.

நம் ஊர் நெசவாளி பாவு நூலையும் ஊடை நூலையும் எண்ணியே புட்டாவும் கரையும் அமைக்கிறார். எந்த இழையை அடுத்து எந்த இழை என்னும் கணக்குத் தவறினால் கோலம் சிதையும். மொழியும் அவ்வாறே நெய்யப்பட்டிருக்கிறது. அந்த நெசவின் கணக்கையே இலக்கணிகள் மெய்ம்மயக்கம் என்றனர்.

எனவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளிதழின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள மெய்யிணைகளை 324 கட்டங்களில் எண்ணிப் பாருங்கள். எவை நிரம்புகின்றன, எவை வெறுமையாய் நிற்கின்றன என்று கண்டபின் நன்னூலைத் திறந்து ஒப்பிடுங்கள். ஆங்கிலச் சொற்களும் பிறமொழிச் சொற்களும் எந்தக் கட்டங்களில் புதிதாகக் குடியேறியுள்ளன என்பதும் புலப்படும். அதுவே நல்லதோர் ஆய்வுப் பொருளாகும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வீட்டுப் பரணில் கிடக்கும் பழங்கணக்குகளையும், அரபுத்தமிழ் மடல்களையும், படிக்க இயலாத குறிப்பேடுகளையும் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எரித்தும் விடாதீர்கள். அவற்றைத் தமிழ்த்துறைக்குக் கொண்டு வாருங்கள். அவற்றுள் எவருடைய அமானத்து இருக்கிறது என்பதைப் படித்துப் பார்த்த பின்னரே அறிய முடியும்.